பாட்டிலுக்குள்ள ஒரு ஹெரால்டு

காலைக் கொஞ்சம் அக்கட்ட வெச்சுக்குங்க தம்பி, அந்தப் பையில பட்டுரப் போகுது. இல்லீங்க, ஊறுகாய் இல்லீங்க. ஏறினப்ப இருந்து எல்லாரும் ஊறுகாயான்னுதான் கேக்கறாங்க. அதுக்குள்ள கார் இருக்குதுங்க.

சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றன். ஹெரால்டுன்னு ஒரு வண்டி கேள்விப்பட்டிருக்கறீங்களா? உங்க வயசுக்குப் பாத்திருக்க மாட்டீங்க. ரெண்டே கதவு, மூஞ்சி கொஞ்சம் சிரிச்ச மாதிரி இருக்கும். பாடியும் எஞ்சினும் சீட்டும் சக்கரமும் காலையிலயே லாரியில ஏறிக் கோயமுத்தூர் போயிருச்சுங்க. மிச்சம் இருக்கற போல்ட்டு, நட்டு, வாசர், ஸ்பிரிங்கு அத்தனையும் அந்தப் பதினாலு பாட்டில்ல இருக்குது. மடியில துண்டுல சுத்தி வெச்சிருக்கறது கார்புரேட்டரு. பிரிச்சுக் காட்டட்டுங்களா? கண்ணு கூசுதுல்ல? நானே தேச்சதுங்க. நாலு நாள் தேச்சன்.

என்ற பேரு வெள்ளிங்கிரி. பொள்ளாச்சியில "வெள்ளிங்கிரி கிளாசிக் கார்ஸ்"னு போர்டு பாத்திருப்பீங்க, மார்க்கெட் ரோட்டுல இருந்து உள்ள திரும்புனா மூணாவது செட்டு. பழைய வண்டியெல்லாம் புதுசாட்டப் பண்ணிக் குடுக்கறதுங்க நம்ம தொழிலு. அப்பறம் எதுக்குய்யா பஸ்ஸுல போறன்னு மனசுக்குள்ள கேக்கறீங்க. கேளுங்க, சொல்றன். சொல்லத்தானே போறன்.

இருவத்திரண்டு வருசம் ஸ்பின்னிங் மில்லுல சூப்பர்வைசரா இருந்தவனுங்க. எனக்குக் கீழ அறுவது பேரு. மில்லை மூடுனப்ப எனக்கு நாப்பத்தேழு வயசு. கூட இருந்தவங்க ஒருத்தன் வாட்ச்மேனாப் போனான், ஒருத்தன் பெட்டிக்கடை வெச்சான். நான் கோயமுத்தூருல பழைய கார் ஊர்வலம் பாக்கப் போனனுங்க, சும்மாத்தான் போனன். வரிசையா வண்டி வருது, ஒவ்வொண்ணுலயும் ஒரு பெரிய மனுசன், தலையில வட்டத் தொப்பி. சனம் கையெடுத்துக் கும்புடுது. அப்பவே முடிவு பண்ணிட்டனுங்க. திரும்பி வர்றப்பவே தொப்பி வாங்கிட்டன். தொழில் கத்துக்கறது அப்பறந்தான்.

சுந்தராபுரத்துல ஸ்டான்லி மாஸ்டர்னு ஒருத்தரு இருக்கறாருங்க. பழைய வண்டி வேலையில அவரை மிஞ்ச ஆளில்லைம்பாங்க. அவரு செட்டுல ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை வகுப்பு, மொத்தம் எட்டு வாரம். எனக்கு வயித்துப்புண்ணு, கடைச் சோறு ஆகாது. அதனால என்ற வீட்டுக்காரி கோகிலாமணி தூக்குப்போசியோட கூட வந்தா. கடைசியில ஒரு ஸ்டூலைப் போட்டு உக்காந்துக்குவா. நான் முதல் வரிசை. அஞ்சு நோட்டு எழுதினனுங்க, தலைப்பெல்லாம் செவப்பு மையில. அவ ஒரு எழுத்து எழுதல. சும்மா எஞ்சினுக்குள்ள கையை விட்டுட்டு இருப்பா. மாஸ்டரும் பாவம், பொம்பளையாச்சேன்னு ஒண்ணும் சொல்றதில்லை. அவளையே கூப்பிட்டு, "கோகிலா, இந்தச் சத்தத்தைக் கேளும்மா, எங்க கோளாறு?"ம்பாரு. அவ இன்ன எடம்னு சொல்லுவா. சரியாத்தான் இருக்கும். அதுல அதிசயம் என்னங்க இருக்குது? அவளும் எங்க மில்லுல மெஷின் பாத்தவதானே. நூல் சுத்தற நூறு கதிர் ஓடற எடத்துல எது கோணலா ஓடுதுன்னு திரும்பாமயே சொல்லுவா. காது பழக்கம், அவ்வளவுதான்.

கடைசி நாள் ரெண்டு பேருக்கும் சர்ட்டிபிகேட் குடுத்தாங்க. என்றதைப் பிரேம் போட்டுச் செட்டுல மாட்டியிருக்கறன். அவளோடது பத்திரமா இருக்குதுங்க, ரேசன் கார்டுக்கு அடியில.

மொத வண்டி ஒரு பழைய பத்மினி. பழகறதுக்குன்னு நாங்களே எடுத்தது. ஆறு மாசம் ராப்பகலா ஒழைச்சம். நான் ஸ்டூலைப் போட்டு உக்காந்துக்கிட்டு, நோட்டைப் பாத்து ஒவ்வொரு வேலையாப் படிப்பன். அவ ஸ்பேனரைப் போட்டுத் திருகுவா. சில சமயம், "ஏனுங்க, கொஞ்சம் பேசாம இருங்க, சத்தம் கேக்கல"ம்பா. மூளை வேலை ஒருத்தரு, கை வேலை ஒருத்தரு, அப்படித்தானுங்களே எந்தத் தொழிலும். வண்டி ஸ்டார்ட் ஆன அன்னிக்குச் சாவி போட்டது நான்தானுங்க. ஒரே திருகு. தெருவே வந்து பாத்துது. தொப்பி போட்டு நின்னு போட்டோ எடுத்துக்கிட்டன். கோகிலா போட்டோவுல இல்ல, கையெல்லாம் கிரீசுன்னு உள்ள போயிட்டா.

அந்தப் போட்டோவைப் பாத்துட்டுத்தான் ஆனைமலை டாக்டரம்மா வந்தாங்க. அவங்கப்பாவோட ஹெரால்டு, இருவது வருசமாத் தோப்புல நின்னுக்கிட்டிருந்ததை லாரியில ஏத்திக் கொண்டாந்துட்டாங்க. "எம் பொண்ணுக்கு ஆவணியில கல்யாணம். தாத்தா ஓட்டுன வண்டியில அவ மண்டபத்துல போயி எறங்கோணும். அப்பாவுக்கு அது ஒண்ணுதான் ஆசையா இருந்துச்சு. முடியுமா?"ன்னாங்க. "தாராளமா முடியுமுங்க"ன்னன். கோகிலா என்னை ஒருக்காப் பாத்தா, வண்டியச் சுத்தி வந்தா, குனிஞ்சு அடியில பாத்தா. அப்பறமா, "ஆவணிக் கடைசியிலன்னா முடியுமுங்க"ன்னா. டாக்டரம்மா அவளைப் பாத்துத்தான் தலையாட்டுனாங்க. எனக்கு அப்ப அது பெருசாத் தெரியல.

இங்கதானுங்க விசயமே இருக்குது. வண்டியப் பிரிக்கறதுல அவளுக்குன்னு ஒரு வழக்கம். பழைய சேலை ஒண்ணைத் தரையில விரிச்சுக்குவா. எதை மொதல்ல கழட்டுறாளோ அது இந்தத் தலைப்புல, கடைசியாக் கழட்டுறது அந்தத் தலைப்புல. ஒவ்வொரு போல்ட்டுக்கும் கழுத்துல ஒரு நூல் கட்டுவா. கதவோடதுன்னா பச்சை, எஞ்சினுக்குச் செவப்பு, அடிப்பக்கத்துக்கு மஞ்சள். மில்லுல நாப்பதாம் நெம்பர் நூலும் அறுவதாம் நெம்பர் நூலும் பாக்கறதுக்கு ஒரே மாதிரி இருக்குமுங்க, கலந்துட்டா நெய்யற துணியே பாழாப் போயிரும். அதுக்காக நூல் சுத்துன கோனுக்குக் கலர் வெப்போம். அந்தப் புத்தியத்தான் இங்க கொண்டாந்திருக்கறா. அழுக்கோட அழுக்கா அப்படியே கெடக்கும். தொடைக்கவே விட மாட்டா. "எண்ணெய் எந்தப் பக்கம் வழிஞ்சிருக்குதுன்னு பாத்தாத்தான் எப்படி நின்னுதுன்னு தெரியுமுங்க"ம்பா. மூணு வாரம் பிரிச்சா. ஒரு சேலை போயி ஆறு சேலை ஆச்சு. செட்டு முழுக்கச் சேலை. எனக்குக் காலு வெக்க எடமில்ல.

ஆடிப் பதினெட்டுக்கு உடுமலையில அவங்கம்மா வீட்டுக்கு மூணு நாள் போனா. போறப்ப வாசல்ல நின்னு, "சேலையைத் தொடாதீங்க"ன்னு சொல்லிட்டுத்தான் போனா. நான் சேலையைத் தொட்டனா? கேளுங்க. சேலையை நான் ஒண்ணுமே பண்ணல. அது மேல இருந்ததைத்தான் எடுத்தன்.

மில்லுல கூட வேலை பாத்தவங்க நாலு பேரு செட்டைப் பாக்க வர்றம்னாங்க. சூப்பர்வைசரா இருந்தவன் எடம் எப்படி இருக்கோணும்? தரையெல்லாம் கிழிஞ்ச சேலை, அதுல கிரீசு, கலர் கலரா நூலு. பாத்தா என்ன நெனைப்பாங்க? ரெண்டு நாள் முழுசா உக்காந்தனுங்க. ஒவ்வொண்ணா மண்ணெண்ணெயில கழுவி, தேச்சு, மின்ன மின்னத் தொடைச்சன். அப்பறம் அளவு வாரியாப் பிரிச்சன். கால் அங்குலம் ஒரு பாட்டிலு, அரை அங்குலம் ஒரு பாட்டிலு, வாசர் ஒரு பாட்டிலு. ஒவ்வொண்ணுக்கும் லேபிளு, செவப்பு மையில. நூலையெல்லாம் வெந்நி அடுப்புல போட்டுட்டன். வந்தவங்க அசந்து போயிட்டாங்க தம்பி. "வெள்ளிங்கிரி, நீ மில்லைத் திருப்பித் தொறந்துட்டய்யா"ன்னான் ஒருத்தன்.

அதுக்கு மக்காநாள் கோகிலா வந்தா. கையில அவங்கம்மா குடுத்த அதிரசம். செட்டுக்குள்ள வந்து நின்னா. கத்துவான்னுதான் பாத்தன். கத்தல. ஸ்டூலுல உக்காந்தா. ஒரு பாட்டிலை எடுத்து வெளிச்சத்துல தூக்கிப் பாத்தா. "நல்லா மின்னுதுங்க"ன்னா. கீழ வெச்சுட்டு உள்ள போயிட்டா. பாருங்க, கல்யாணமாகி இத்தனை வருசத்துல மனசாரப் பாராட்டுனது அன்னிக்குத்தான்.

திங்கக்கிழமை காலையில வெள்ளென எந்திரிச்சு, எனக்குச் சோறாக்கி மூடி வெச்சுட்டு, ஆறரை பஸ்ஸுக்குக் கெளம்பிட்டா. எங்க அம்முணின்னு கேட்டன். "ஸ்டான்லி மாஸ்டர் ரொம்ப நாளாக் கூப்பிட்டுட்டு இருக்கறாருங்க, அங்க வேலைக்குப் போறன்"ன்னா. அப்ப ஹெரால்டுன்னன். "அதுதான் நோட்டு இருக்குதுல்லங்க"ன்னா.

சண்டையெல்லாம் கெடையாதுங்க, அப்படி நெனைச்சுக்காதீங்க. பொழுதோட வந்துருவா. சோறு போடுவா, ஒடம்பு எப்படி இருக்குதும்பா, மாத்திரை எடுத்துக் குடுப்பா. கார்ங்கற சொல்லு மட்டும் வாயில வராது. நானும் கேக்கல. கேக்கறதுன்னா எப்படிங்க கேக்கறது? நான் சூப்பர்வைசருங்க.

ரெண்டு வாரம் ஒத்தையில நின்னு மாட்டினன் தம்பி. அரை அங்குல போல்ட்டுன்னு எடுத்தா, ஒண்ணு ஒரு நெல்லு நீளம் எச்சா இருக்குது, ஒண்ணு கம்மியா இருக்குது. பாட்டிலுக்குள்ள எல்லாம் ஒரே சாதியாத்தான் தெரியுது. எப்படியோ மாட்டி முடிச்சுப் பாத்தா, கதவைச் சாத்துனா கண்ணாடி எறங்குது. ஆரனை அமுக்குனா வைப்பர் ஆடுது. சாவி போட்டன். மூச்சே விடல. முப்பத்தேழு போல்ட்டு மிச்சம். மிச்சம் இருக்குதேன்னு தனியா ஒரு பாட்டில்ல போட்டு, "உபரி"ன்னு லேபிளும் ஒட்டிட்டன்.

அன்னிக்குப் பாத்துத்தானா டாக்டரம்மா வரோணும்? வண்டியப் பாத்தாங்க. பாட்டில் வரிசையக் காட்டுனன். பாக்கவே இல்ல. அப்பாவோட சீட்டுல கையை வெச்சுக்கிட்டு நின்னாங்க. "கல்யாணத்துக்கு இன்னும் பதினாறு நாள்தான் இருக்குது. கோகிலாம்மா எங்க?"ன்னாங்க. சுந்தராபுரத்துல வேலைக்குப் போறான்னன். "அப்ப வண்டியும் அங்கேயே போகட்டும்"னு சொல்லிட்டு, கண்ணைத் தொடைச்சுக்கிட்டுப் போயிட்டாங்க. அவங்களுக்கு அவசரம், வேற ஒண்ணுமில்ல. இந்தத் தொழில்ல அவசரப்படக் கூடாதுங்க. நோட்டுல முதல் பக்கமே அதுதான் எழுதியிருக்கறன்.

ஆனா ஒண்ணு சொல்றன், உங்ககிட்ட என்ன ஒளிக்கறது. மாட்டினதையெல்லாம் நானே திருப்பிக் கழட்டிப் பாட்டில்ல போட்டுட்டன். இன்னிக்குக் காலையில லாரிக்காரன் வண்டிய ஏத்திக் கயிறு கட்டிட்டுப் போனதும் செட்டே வெறிச்சுனு ஆயிருச்சுங்க. ஸ்டூலுல உக்காந்தன். அந்த ஆறு சேலையும் மடிச்சு மூலையில இருக்குது, நான்தான் தொவைச்சு மடிச்சு வெச்சன். அழுகை வந்துருச்சுங்க. மில்லை மூடுனன்னிக்குக் கூட நான் அழுகல.

ஒரு நிமிசம் தம்பி, போனு. அவதான்.

சொல்லு அம்முணி... கிணத்துக்கடவு தாண்டியாச்சு... லாரி வந்துருச்சா? கண்ணாடி ஒண்ணும் ஒடையலியே?... பாட்டில் எல்லாம் பத்திரமா இருக்குது. பதினாலும் இருக்குது, உபரியோட சேத்து... ம்... ம்... எழுதல... இல்ல, எழுதிருவன்... சரி... சரி, சாப்புட்டுட்டன். மாத்திரையும் போட்டாச்சு. வெச்சுரட்டுமா?

மாஸ்டர் செட்டுல இன்னொரு ஹெரால்டு நிக்குதாமுங்க. அதைப் பாத்துப் பாத்து ஒவ்வொண்ணா மாட்டிரலாம்னு சொல்றா. பன்னண்டு நாள்ல முடிச்சுருவாளாம். அவ சொன்னா முடிச்சுருவாங்க, அதுல எனக்குச் சந்தேகம் இல்ல. இனி தெனமும் நானும் அங்கதான். மாஸ்டருக்கு ஃபினிசிங் பாக்க நல்ல ஆளு கெடைக்கலியாமா. கார்புரேட்டரைப் போட்டோ புடிச்சுக் காட்டியிருப்பா போல, ஆளைக் கூட்டிட்டு வான்னுட்டாரு. நம்ம தெறமை வெளிய தெரியாமயா போகும்?

எழுதலைன்னு சொன்னனே, அது என்னன்னு கேக்க மாட்டீங்களா? இருங்க, சட்டைப் பையில இருக்குது. காலையில போசி மேல வெச்சுட்டுப் போயிருக்கறா. படிங்க. என்ற கண்ணாடியை எங்கியோ வெச்சுட்டன், நீங்களே படிங்க.

"பெயர்: வெள்ளிங்கிரி. பிரிவு: பாலிஷ். பிரித்து வைத்த பாகங்களைக் கலந்தது குறித்து இன்று வேலைக்கு வரும்போது எழுத்து மூலம் விளக்கம் தரவும். இப்படிக்கு, கோகிலாமணி."

மெமோவுங்க! எங்க மில்லு மெமோ அச்சு அசலா இப்படித்தான் இருக்கும். பாலிஷ்னு போட்டிருக்கறா பாருங்க, ஃபினிசிங்னு போடறதுக்கு எழுத்து வரல போல.

இதுல ஒரு கூத்து இருக்குதுங்க. எங்க கல்யாணமே மெமோவுல ஆரம்பிச்சதுதான். அவ வேலைக்கு வந்த புதுசு. ஒரு நாள் நாப்பதாம் நெம்பர் கோனும் அறுவதாம் நெம்பர் கோனும் கலந்து போச்சு. மில்லுல அதைவிடப் பெரிய குத்தம் கெடையாதுங்க. அவ நின்ன எடத்துல நடந்துது, அவளுக்கு மெமோ குடுத்தன். விளக்கம் எழுதிக் குடுத்தா, ஒரே வரி. "கோனைக் கலந்தது நான் இல்லைங்க." நான் ஓரத்துல, "விளக்கம் திருப்தியாக இல்லை"ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஒரு நாள் வீட்டுக்கு அனுப்பிச்சன். அப்பறமாத்தான் தெரிஞ்சுது, முந்தின ஷிப்ட்டுல எவனோ மாத்தி வெச்சுட்டுப் போயிருக்கறான். குடுத்த மெமோவைத் திருப்பி வாங்குனா மத்தவங்க மதிப்பாங்களா? அப்படியே விட்டுட்டன். அந்த ஒத்தை வரியில இருந்த அவ வைராக்கியம் புடிச்சுப் போயித்தான் பொண்ணு கேட்டுப் போனனுங்க. அந்தப் பேச்சை அவ இன்னிவரைக்கும் எடுத்ததில்ல. மறந்துருப்பான்னு இருந்தன்.

மறக்கலீங்க.

பொள்ளாச்சியில பஸ்ஸு ஏறுனதுல இருந்து என்ன எழுதறதுன்னுதான் உங்ககிட்டப் பேசிட்டே வர்றன் தம்பி. இத்தனையும் எழுதலாமா? எழுதுனா அஞ்சு பக்கம் வரும். மில்லுல நாலு வரிக்கு மேல எவனாச்சும் எழுதியிருந்தா நான் படிக்கவே மாட்டன். சாக்குச் சொல்றான்னு தள்ளி வெச்சுருவன். அவளும் அதையே பண்ணுனா? ஓரத்துல திருப்தியாக இல்லைன்னு எழுதிட்டா நான் என்னங்க பண்றது?

ஈச்சனாரி வந்துருச்சா? அடுத்து நம்ம ஸ்டாப்புதான். பேனா இருக்குதுங்களா, குடுங்க. செவப்பு இல்லியா? சரி, நீலமே குடுங்க. பஸ்ஸு ஆடுது, நான் சொல்றன், நீங்க எழுதிருங்களேன். வேண்டாம் வேண்டாம், என்ற கையெழுத்து அவளுக்குத் தெரியும். நானே எழுதறன்.

"சேலை மேல இருந்ததைக் கலந்தது நான்தான்."

இன்னொரு வரி சேத்தட்டுங்களா, நாலு பேரு வந்தாங்க, அதனாலன்னு? வேண்டாங்கறீங்க. சரி. "நீ சொல்லிட்டுத்தான் போனாய்"னு போட்டுரட்டுமா? அதைப் போட்டுரலாம். அது நெசந்தான்.

கீழ என்னன்னு போடறது? வெள்ளிங்கிரி, சூப்பர்வைசர்னு போடட்டுங்களா? அப்படியே பழகிருச்சுங்க, கை தானாப் போகுது. வெறும் பேரு போதுமுங்களா. சரி, வெறும் பேரே போடறன்.

நீங்க நல்லாருப்பீங்க தம்பி. கல்யாண முகூர்த்தத்தன்னிக்கு ஆனைமலைப் பக்கம் வந்தீங்கன்னா ஒரு செவப்பு ஹெரால்டு போகும், பாருங்க. ஓட்டறது நானா இருக்க மாட்டன், அவ நல்லா ஓட்டுவா. தொப்பி வெச்சவன் பக்கத்து சீட்டுல இருப்பன். கண்டக்டரே, சுந்தராபுரம், நிறுத்துங்க. பையைக் கொஞ்சம் தூக்கிக் குடுங்க தம்பி. மெதுவா. ஆட்டாதீங்க, கலந்துரப் போகுது.